மறுமொழி: 'மெல்லுணர்வு' வேண்டாம், 'பதவுணர்வு' பொருந்துமா?

அன்புடையீர்,

உணவை மெல்லும்போது வாயில் எழும் தொடுகை, அழுத்தம், நொறுங்கல் ஆகியவற்றை மூளை ஒருங்கே உணர்வதைக் குறிக்க, ஆங்கில 'மௌத்பீல்' (mouthfeel) என்பதற்கு ஈடான தமிழ்ச்சொல் எது என்ற நம் உரையாடலில் நண்பர் ஒருவர் முன்வைத்த 'மெல்லுணர்வு' ஓசையில் அழகானதே. ஆயினும் அதை முதன்முறை காண்பவர் மென்மையான உணர்வு என்றே கொள்வார். அதே உரையாடலில் ஐயா ஒருவர் விரும்பும் 'வாய்ச்சுவை'யில் உள்ள சிக்கல் அதைவிடப் பெரிது, ஏனெனில் சுவையைக் கொண்டு செல்லும் நரம்புகளே வேறு.

சுவையரும்புகளின் செய்தியை 7, 9, 10 ஆம் மண்டையோட்டு நரம்புகள் நீள்வளையமையவிழையத்துக்கு (மூளைத்தண்டின் அடிப்பகுதிக்கு) கொண்டு செல்கின்றன. தொடுகையும் அழுத்தமும் பெரும்பாலும் செல்வது 5 ஆம் நரம்பாகிய முக்கிளை நரம்பின் வழியே. அவை இறுதியில் சேரும் மூளைய மேற்பட்டைப் பகுதியில் உதடும் நாக்கும் தம் பருமனுக்கு மிஞ்சிய இடத்தைப் பிடித்திருக்கின்றன.

என் மாமி மேலும் கீழும் முழுப் பல்செட் போட்ட புதிதில் தட்டையான மொறுமொறுப்பான பருத்தித்துறை வடை ஒன்றைக் கடித்துவிட்டு, "உப்பு, உறைப்பு எல்லாம் தெரியுது தம்பி, ஆனால் வடை கடிச்ச மாதிரி இல்லை" என்றார். இயற்கைப் பல்லின் வேரைத் தாடையென்போடு பிணைக்கும் இணையம் (நார்த் திசு) ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழக் கால் பங்கு தடிப்பே உடையது. அதிலுள்ள பொறிமுறை வாங்கிகள்தாம் (அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள்), சோற்றில் கல் கடிபட்டதும் நாம் அறியுமுன்னே தாடையைத் தளரச் செய்வதில் பெரும் பங்கு வகிக்கின்றன. பல்லோடு அவ்விணையமும் போய்விட்டதால், மாமிக்கு முரசும் (பல்லீறும்) நாக்கும் தருகின்ற செய்தி மட்டுமே எஞ்சியிருந்தது. அவருடைய சுவை நரம்புகளுக்கு எதுவும் நேரவில்லை.

மாமிக்கு வடையில் தெரியாமற் போனது அதன் பதம். ஒடியற் கூழின் பதம், பாகின் பதம், புழுக்கொடியல் காய்ந்த பதம் என்று அடுப்படியில் நாளும் புழங்கும் இச்சொல் இருக்க, புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. பாகின் பதத்தை விரலாலும் பார்க்கிறோமே என்று மறுப்பு எழலாம். உணவின் இயல்பைப் 'பதம்' என்றும், மெல்லும்போது மூளை அதை அறிவதைப் 'பதவுணர்வு' என்றும் பிரித்துக்கொண்டால் அந்த மறுப்பு நிற்காது. 'வாய்ப்பதவுணர்வு' என்று நீட்டி எழுதிப் பார்த்தேன். வீட்டிலே படித்துப் பார்த்தவர்கள் 'வாய்ப்பு' என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். ஆகவே முன்னொட்டைக் கைவிட்டேன்.

உறைப்புத்தான் சற்று இடறுகிறது. மிளகாய்க்கு உறைப்பைத் தரும் கப்சாயிசின் தூண்டுவது வெப்பத்தை உணரும் வாங்கியை. அச்செய்தியும் முக்கிளை நரம்பு வழியே போனாலும், உறைப்பைப் பதம் என்று எவரும் சொல்லார். எனவே தொடுகை, சூடு, உறைப்பு யாவற்றுக்கும் பொதுவாக 'வாய்ப் புலனுணர்வு' என்பதை வைத்து, அதன் ஒரு கூறாகப் 'பதவுணர்வை' அமைக்கலாம். துவர்ப்பை எதன்கீழ் வைப்பது என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு: நம் மரபு அதை அறுசுவையுள் ஒன்றாக எண்ணுகிறது, ஆனால் வாழைப்பூவைத் தின்றபின் நாக்கு வறண்டு இழுபடுவது பெரும்பாலும் தொடுகையே.

சொல்லை வசனத்தில் வைத்துப் பார்த்து, உறுத்தினால் எழுதுங்கள்: "முழுப் பல்செட் அணிந்தோரிடம் சுவையுணர்வு பெரிதும் மாறாதிருந்தும் பதவுணர்வு குறையலாம்."