பஞ்சாயத்து ஆபீஸ் பெட்டியில் வைக்கும் நிரோத் ஆணுறை கிழிகிறதாம், என்ன காரணம்?

கரிசல்காடு:
பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் தகரப் பெட்டி மாட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் நிரோத்தைப் போட்டு வைக்கிறோம். லாரி ஓட்டுபவர்கள், சூளை வேலைக்குப் போகிறவர்கள் எடுக்கிறார்கள். "ஓசி மால், கிழிஞ்சிடுது" என்கிறார்கள். சரக்கே மட்டமா?

மருந்துக்கிடங்கு:
நிரோத் தயாரிக்கும் எச்.எல்.எல். நிறுவனம்தான் கடையில் விற்கும் மூட்ஸ் ஆணுறையையும் தயாரிக்கிறது. பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது? மேற்கு வெயில் விழுந்தால் சித்திரை மாதம் தகரத்துக்குள் ரப்பர் கெட்டுவிடும். மரப்பெட்டியாக்கி நிழலுக்கு மாற்றுங்கள். சலூன் நல்ல இடம், எடுப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். பொட்டலத்தை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். தட்டையாகக் கிடந்தால் கசிந்துவிட்டது. காலாவதித் தேதி தாண்டியது, பிரித்ததும் பிசுபிசுப்பது, மொடமொடப்பது எல்லாம் குப்பைக்கு. மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்ததும் அப்படித்தான்.

செவ்வந்தி:
அண்ணா சொன்னது பாதிதான். மீதிப் பழி தேங்காய் எண்ணெய் மேல். எண்ணெய், வாசலின் எது பட்டாலும் சில நிமிஷத்தில் ரப்பர் பலமிழக்கும். வழவழப்பு வேண்டுமென்றால் மெடிக்கலில் நீர் கலந்த ஜெல் கேளுங்கள். பல்லால் கடித்துப் பிரிப்பது, 'டபுள் சேஃப்டி' என்று இரண்டு மாட்டுவது, இரண்டுமே கிழிய வைக்கும். நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு, சுருள் வெளிப்பக்கம் இருக்கும்படி அடிவரை உருட்ட வேண்டும். உருளவில்லையென்றால் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். திருப்பிப் போடக் கூடாது, நுனியில் கசிவு பட்டிருக்கும், புதிதாக ஒன்று எடுக்கணும். முடிந்ததும் தளர்வதற்குள் அடி விளிம்பைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை, தளர்ந்த பிறகு எடுத்தால் உருவிக்கொள்ளும்.

கரிசல்காடு:
நன்றி. கிழிந்துவிட்டால்?

மருந்துக்கிடங்கு:
72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் போகணும். தேவையென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள் தருவார்கள். முதல் மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசின் நம்பிக்கை மையம், இலவசம், ரகசியம். கூச்சப்பட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் பேசச் சொல்லுங்கள்.

செவ்வந்தி:
ஆணுறை மூடாத இடத்துப் புண்ணிலிருந்து சிபிலிஸ், ஹெர்பிஸ் போன்ற பால்வினை நோய்கள் ஒட்டும், அதையும் சொல்லுங்கள். புண், சீழ், வெள்ளைப்படுதலில் நாற்றம் என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி அமுக்கக் கூடாது. வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் மறுபடி தொற்றும்.