திபிலீசியில குழந்தை, யூ.கே.வுல நாங்க, ஃப்ளைட் கேன்சல் – அவசரமுங்க

பெருந்துறைக்காரன் (ஜூன் 13, இரவு 11:40)
வணக்கமுங்க. ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலீசியில வாடகைத் தாய் மூலமா எங்களுக்குக் குழந்தை. 34 வாரம் ஆச்சு. அந்தம்மாவுக்கு நேத்து பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கறாங்க, எந்நேரமும் எடுத்துருவோம்னு க்ளினிக்ல சொல்றாங்க. எங்களால போக முடியாது. கோயமுத்தூர்ல இருந்து மாமியா ஷார்ஜா வழியா போறதா ஏற்பாடு. வழியில வான்வழி மூடுனதுல டிக்கெட் கேன்சல். வேற எப்படி அனுப்பறது? கையும் ஓடல, காலும் ஓடல.

காங்கயத்து அம்மணி
இதுக்கு ஏன் தம்பி அத்தனை தூரம்? கோயமுத்தூர்ல தெருவுக்கு ரெண்டு கருத்தரிப்பு ஆஸ்பத்திரி இருக்குதே.

சென்னிமலை
அக்கா, ஆஸ்பத்திரி இருக்குதுங்க, சட்டம் விடாது. 2021ல போட்ட சட்டம் 2022 ஜனவரி 25ல இருந்து அமல். காசு குடுத்து வாடகைத் தாய் வெக்கவே கூடாது. மனைவிக்கு 23–50, புருஷனுக்கு 26–55 வயசு, டாக்டர் போர்டு சர்டிபிகேட், அந்தம்மாவுக்கு 36 மாசம் இன்சூரன்ஸ், இத்தனையும் வேணும். 34 வாரத்துல இதைப் பேசி என்ன பண்றது?
தம்பி, குழந்தைக்கு இந்திய எம்பசியில பாஸ்போர்ட்டுக்குப் பதிலா எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கி நேரா ஊருக்குக் கொண்டுபோயிருங்க. அம்மிச்சி பாத்துக்குவாங்க.

நொய்யல்கரை
அது இந்தியாவுக்கு ஒரு தடவை போறதுக்கு மட்டும். அதை வெச்சு யூ.கே. வர முடியாது. பெத்தவங்க இங்க, பிள்ளை அங்கன்னு ஆயிரும்.
பெருந்துறை, ஆளை அனுப்பறது அடுத்த சோலி. முதல்ல நாலு பதில் போடுங்க. உங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட் எந்த நாடு? என்ன விசா, எந்தத் தேதி வரைக்கும்? "போக முடியாது"ன்னா ஏன்? அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்குதா?

பெருந்துறைக்காரன்
ரெண்டு பேரும் இந்திய பாஸ்போர்ட்டுங்க. எனக்கு ஸ்கில்டு ஒர்க்கர்ங்கற வேலை விசா, வீட்டுல என்னைச் சார்ந்து வர்ற டிபெண்டன்ட் விசா. எக்ஸ்டென்ஷன் போட்டு முடிவுக்குக் காத்திருக்கறோம், அதனாலதான் போகல. பழைய விசா ஆகஸ்ட் 30 வரைக்கும். அந்தம்மா வூட்டுக்காரர்கூட இல்லைன்னு ஏஜென்சி சொல்லுச்சு.

நொய்யல்கரை
இதை முதல்லயே போட்டிருக்கலாம். வெசனப்படாதீங்க, வழி இருக்குது.

முடிவு வரும் முன்னால வெளிய போனா, போனவங்க அப்ளிகேஷன் வாபஸ் ஆயிரும். நீங்க இருந்துக்குங்க, வீட்டுக்காரம்மா போகட்டும். அவங்க பழைய விசா உயிரோட இருக்கறதால ஆகஸ்ட் 30க்குள்ள திரும்பி வந்து மறுபடி போட்டுக்கலாம். கட்டுன ஃபீஸ் போச்சு, விசாவோட வைத்தியத்துக்குக் கட்டுன ஹெல்த் சர்சார்ஜ் திரும்பி வரும். இஸ்தான்புல் வழியா ஒரே டிக்கெட்டா எடுங்க. யூ.கே. விசா இருந்தா ஜார்ஜியாவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனா இப்ப கார்டு இல்லை, எல்லாம் ஈ-விசா. விசா இருக்குதுன்னு ஆன்லைன்ல காட்டற ஷேர் கோடு எடுத்து பிரிண்ட் வெச்சுக்குங்க, கவுன்டர்ல ஏத்துக்குவாங்களான்னு ஏர்லைன்ல முதல்லயே கேளுங்க.

மாமியாளுக்கு ஜார்ஜியா ஈ-விசாவுக்கே அஞ்சு வேலை நாள் ஆகும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் பவர் பத்திரம் இல்லாம பிள்ளையைக் கையில குடுக்க மாட்டாங்க.

நாளைக்கே நோட்டரிகிட்ட போய் உங்க பேர்ல இருந்து வீட்டுக்காரம்மாவுக்குப் பவர் எழுதுங்க. பிறப்புப் பதிவு, இன்குபேட்டர் சிகிச்சைக்குச் சம்மதம், டிஸ்சார்ஜ், பாஸ்போர்ட் விண்ணப்பம், நாலும் தனித்தனியா இருக்கோணும். "எல்லா அதிகாரமும்"னு ஒத்தை வரி போட்டா அங்க ஒத்துக்கறது கஷ்டம். அதுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்றதுக்கு அரசாங்கம் போடற சான்று) வாங்கி, ஜார்ஜிய மொழிக்கு மாத்தி, அங்க இருக்கற நோட்டரி சீல் வாங்கோணும்.

ஜார்ஜிய பிறப்புச் சான்றுல உங்க ரெண்டு பேரு பேர்தான் வரும். அதை இந்திய எம்பசியில ஒரு வருஷத்துக்குள்ள பதிஞ்சா இந்தியக் குடியுரிமை, பாஸ்போர்ட். டி.என்.ஏ. கேட்டாலும் கேப்பாங்க.

யூ.கே. சட்டம் வேற மாதிரி. இங்க பெத்தவதான் தாய். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா அவ புருஷன்தான் தகப்பன். தனி ஆளா இருந்தாத்தான் உயிரணு குடுத்த நீங்க தகப்பன், பிள்ளையும் உங்க டிபெண்டன்டா வரலாம். அதுதான் கேட்டேன். "வூட்டுக்காரர்கூட இல்லை"ன்னா பிரிஞ்சு இருக்கறாங்களா, டிவோர்ஸா? தேதியோட பேப்பர் வாங்குங்க.

லெஸ்டர் மாப்ள
பேரன்டல் ஆர்டர், அதாவது நீங்கதான் பெத்தவங்கன்னு யூ.கே. கோர்ட் குடுக்கற உத்தரவு, அதுக்குப் போட்டா முடிஞ்சுது. ஆறு மாசத்துக்குள்ள போடோணும், அவ்வளவுதான்.

நொய்யல்கரை
அவ்வளவு இல்லீங்க. அந்தம்மா சம்மதம் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழிச்சுக் குடுத்தாத்தான் செல்லும். உங்கள்ல ஒருத்தருக்காவது இங்க டொமிசைல் (இதுதான் நிரந்தர நாடுங்கற சட்ட நிலை) இருக்கோணும். வீடு இருக்கறதும் டொமிசைலும் வேற. வேலை விசாவுல வந்தவங்க இதுலதான் மாட்டுவாங்க. குடும்பச் சட்ட வக்கீல் ஒருத்தரை இப்பவே பிடிங்க. 2008ல குஜராத் ஆனந்துல ஒரு ஜெர்மன் தம்பதிக்கு வாடகைத் தாய் மூலமா இரட்டைக் குழந்தை. எந்த நாடும் எங்க குடிமகன்னு சொல்லாம, ஊர் போய்ச் சேர 2010 ஆச்சு. அன்னிக்கு ஃப்ளைட்டெல்லாம் பறந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

காங்கயத்து அம்மணி
பால் சங்கதி நான் சொல்றேன் தம்பி. டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதும், எடைக்கு ஏத்தாப்ல ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 150 மில்லி கணக்கு. 2.2 கிலோ பிள்ளைக்கு 330 மில்லி, எட்டு தடவையாப் பிரிச்சா 40 மில்லி சொச்சம். 900 கிராம் டின்னு சுமார் 20 நாளைக்கு வரும். குறைமாசத்துக்குத் தனிப் பவுடர் எழுதுவாங்க, நீங்களா வாங்கிறாதீங்க. தண்ணி கொதிக்க வெச்சு அரை மணிக்குள்ள, 70 டிகிரிக்குக் குறையாமக் கலக்கோணும். பவுடர்ல கிருமி இருக்கலாம், ஆறுன தண்ணியில சாகாது. ஆத்திக் குடுங்க. ஃப்ளைட்டுக்கு ஏழு நாளாவது ஆகோணும்பாங்க. குறைமாசப் பிள்ளைன்னா டாக்டர் லெட்டரும் வேணும்.

பெருந்துறைக்காரன் (ஜூன் 14, மதியம் 2:15)
வீட்டுல நாளைக்குக் காலையில ஃப்ளைட்டுங்க. டிவோர்ஸ் பேப்பர் இப்பத்தான் வந்துச்சு. டிசம்பர் 9 தேதி. எம்பிரியோ வெச்சது நவம்பர் 6. பரவாயில்லைங்களா?

நொய்யல்கரை
பரவாயில்லைன்னு சொல்ல முடியாதுங்க. கரு வெச்ச அன்னிக்குக் கல்யாணம் இருந்துச்சான்னுதான் சட்டம் பாக்கும். அதுக்கு அந்தம்மாவோட அப்போதைய வூட்டுக்காரர் சம்மதிக்கலைன்னு நிரூபிச்சாத்தான் அந்தாளு தகப்பன் இல்லைன்னு ஆகும். நிஜமாவே சம்மதிக்கலைன்னா, பழைய வூட்டுக்காரர்கிட்ட நோட்டரி முன்னால வாக்குமூலம் வாங்கி அப்போஸ்டில் போடோணும். கையெழுத்துப் போட்டிருந்தாருன்னா அதையும் மறைக்காம வக்கீல்கிட்டச் சொல்லுங்க, குழந்தைக்கு விசா விதிக்கு வெளிய அனுமதி கேக்கற வழி தனியா இருக்குது. நவம்பர்ல போட்ட அக்ரிமென்ட்டை எடுத்து, அதுல யாரு யாரு கையெழுத்து இருக்குதுன்னு பாத்து முதல்ல எழுதுங்க.