குன்னூர் பக்கம் சர்வோ மோட்டார் பேரிங் மாற்றித் தருபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, வணக்கம். குன்னூர் பக்கத்தில் ஒரு டீ பேக்டரியில் பேக்கிங் மெஷின் பார்த்துக்கொள்கிறேன். பாக்கெட் பிலிமை இழுக்கிற 750 வாட் பிரஷ்லெஸ் சர்வோ மோட்டார் (சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சுழல்கிற மோட்டார்) ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. விலை குறைவு என்று வாங்கியது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் ஆன் செய்தாலே, மோட்டாரை இயக்குகிற டிரைவில் என்கோடர் (ஷாஃப்ட்டின் கோணத்தை அளக்கிற சென்சார்) அலாரம். இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்டால் ஓடும். சூடேறிய பிறகு தொந்தரவு இல்லை.

நேற்று பின்மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக ஈரம். ராத்திரி மோட்டார் ஆறும்போது மூடுபனிக் காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. முன்பக்க பேரிங்கில் துருவும் டீத்தூளும் சேர்ந்து பழுப்புச் சேறு. ஷாஃப்ட்டில் தூசியும் ஈரமும் புகாமல் தடுக்கிற ஆயில் சீலே இல்லை! லேபிளில் ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாது என்கிற தரக்குறி) என்று போட்டிருக்கிறது. ஆனால் பல மோட்டார்களில் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்துக்கு அது பொருந்தாது; சீல் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பிரஷ் இல்லாத மோட்டாரில் முக்கியமாகத் தேய்கிற சாமான் பேரிங்தான். அதில் போய் மிச்சம் பிடிக்கலாமா?

என்கோடரை நான் தொடவில்லை. ரோட்டார் காந்தத்தோடு அதன் கோணம் மாறினால் மோட்டார் கட்டுக்கு அடங்காது. அந்தக் கோணத்தைச் சரியாக வைத்துப் பேரிங் மாற்றுபவர்கள் ஊட்டியிலோ மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ இருந்தால் சொல்லுங்கள். கோத்தகிரி, கூடலூர் பேக்டரிகளில் சீல் வைத்த மோட்டார் ஓட்டுபவர்கள், இரண்டு மழைக்காலம் தாண்டியதா என்று எழுதுங்கள். இங்கே இப்போது கையால்தான் பாக்கெட் போடுகிறார்கள்.