சைக்கிள் சாமான் வாங்குறது எப்பதான் நிக்கும்? (கார்பன் வீல் வாங்கலாமா?)

ஈசிஆர் விடியல் (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை இருட்டோட திருவான்மியூர்ல கிளம்பி, ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாமல்லபுரம் போய், அங்க டிபன் முடிச்சுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள வீடு திரும்புற கோஷ்டியில நானும் உண்டு. வயசு 44, எடை 81 கிலோ. வண்டி அலாய் ஃப்ரேம், ஷிமானோ சோரா கியர், 9 ஸ்பீடு (பின்னாடி 9 பல்சக்கரம்), முன்னாடி 50/34 பல், பின்னாடி 11-லேர்ந்து 28 பல் வரைக்கும், ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வுறது).

வண்டியில ஒரு குறையும் இல்ல. ஆனாலும் மாசாமாசம் அதுக்கு ஏதாவது வந்துக்கிட்டே இருக்கு. முதல்ல கிளிப்லெஸ் பெடல் (ஷூ அதுல பூட்டிக்கும்). பெடலுக்கு ஷூ. ஷூ போட்டதும் சீட் உயரம் சரியில்லாத மாதிரி இருந்துச்சு, பைக் ஃபிட்டிங் (உடம்புக்கு ஏத்த மாதிரி வண்டி அளவைச் சரி பண்றது) போனேன். ஃபிட்டர் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைத் தாங்குற துண்டு) 10 மி.மீ. குறைக்கச் சொன்னார். 2025 செப்டம்பர்ல சைக்கிள் பாகத்துக்கு ஜிஎஸ்டி 12-லேர்ந்து 5 ஆனதும், மிச்சமாகுதேன்னு ரெண்டு ஸ்டெம் வாங்கினேன், வேற வேற நீளத்துல. ஸ்டெம்மைக் கழட்டின கையோட ஹேண்டில்பார் டேப். புது டேப் கலருக்கு சீட் ஒத்துப்போகல. இப்படியே போய், பின்னால வர்ற லாரியைக் காட்டுற ரேடார் லைட் வரைக்கும் வந்தாச்சு. (அதை மட்டும் யாரும் குறை சொல்லாதீங்க. ஈசிஆர்ல ஓட்டிப் பாத்துட்டு பேசுங்க.)

பார்சல் எல்லாம் ஆபீஸ் அட்ரஸுக்குத்தான் வரும். பழைய பாகங்கள் பரண்ல ஒரு அட்டைப்பெட்டியில. போன பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது அதைப் பாத்துட்டு, "இதெல்லாம் சேத்தா இன்னொரு சைக்கிளே வந்துடும் போலயே"ன்னு என் மனைவி கேட்டா. திட்டுறதுக்குத்தான் சொன்னா. எனக்கு அது ஐடியாவா கேட்டுச்சு.

வேகம்? ஏறவே இல்ல. சராசரி மணிக்கு 27 கி.மீ. கடல் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ, அது ஒண்ணு கூட ஒண்ணு குறைய.

இப்ப 50 மி.மீ. உசர ரிம் வெச்ச கார்பன் வீல் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. சிங்கப்பூர்ல இருந்து மச்சான் வர்றான், எடுத்துட்டு வரேங்கிறான். அதோட ஷிமானோ 105 கியர் செட், 11 ஸ்பீடு, அதையும் செகண்ட் ஹேண்ட்ல ஒருத்தர் தரேங்கிறார். அடுத்த மாசம் ஏலகிரி ரைடு இருக்கு. வாங்கலாமா? வாங்கினா இதோட நிக்குமா? கிண்டலுக்குக் கேக்கல.

ரெண்டு சக்கரம் (வேலூர்)

நிக்காது தலைவரே. பழைய வீல் விக்கிறதா இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க.

பேரூர் பெடல் (கோவை)

தம்பி, எங்க மாப்பிள்ளை சைக்கிள் கடை வெச்சிருக்காப்ல. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் பொழுது போகோணுமேன்னு சனி ஞாயிறு அங்கதான் உக்காந்திருப்பேன். நீங்க கேக்கற கேள்வியோட வாரத்துக்கு ஒருத்தராவது வந்துருவாங்க. மாப்பிள்ளைக்கு யாவாரம் ஆகோணும், அதனால அவர் இல்லாத நேரத்துல சொல்றேன், கேட்டுக்கோங்க.

முதல்ல அந்த 105. உங்களுது 9 ஸ்பீடு. 11-க்குப் போகோணும்னா கியர் மாத்தற ரெண்டு ஷிஃப்டர், செயினை நகத்தற பின் டெரெயிலர், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), செயின் எல்லாமே மாறோணும். முன் டெரெயிலரும் கிராங்க்கும் (பெடல் பூட்டற தண்டு) கூட மாத்தினாத்தான் சுத்தமா வேலை செய்யும். சரி, அத்தனையும் வாங்கியாச்சுன்னு வெச்சுக்குவோம். கேசட்டை எடுத்துப் பின் சக்கரத்துல மாட்டப் போனா, உக்காராது. 8, 9, 10 ஸ்பீடுக்குச் செஞ்ச ஃப்ரீஹப்பை (சக்கர நடுவுல கேசட் உக்கார்ற உருளை) விட 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் 1.85 மி.மீ. அகலம் கூட. பழைய ஹப்புல 11 ஸ்பீடு கேசட்டைப் போட்டு லாக் ரிங்கை முறுக்கினா, கடைசிப் பல் இடம் பத்தாம அப்படியே தொங்கும். (11-லேர்ந்து 34 பல் வரைக்கும் இருக்கற கேசட் மட்டும் மாட்டலாம். பெரிய பல் ஸ்போக் பக்கமா உள்ள வளைஞ்சு உக்கார்ற மாதிரி அதைச் செஞ்சிருக்காங்க. கடைக்காரர் பாதிப் பேர் இதைச் சொல்ல மாட்டாங்க.)

அப்ப என்ன சொல்லுவாங்க? "வீலையே மாத்திடுங்க சார்." இப்ப வர்ற கார்பன் ரிம் நிறைய உள் அகலம் 21 மி.மீ.க்கு மேல. அதுக்கு 23 மி.மீ. டயர் ஆகாது, 28-ஆவது போடோணும். உங்க ரிம் பிரேக் காலிப்பருக்கு அடியில 28 நுழையுமான்னு பாருங்க, நிறைய வண்டியில நுழையாது. நுழையலைன்னா டிஸ்க் பிரேக். டிஸ்க்னா புது ஃபோர்க், புது ஃப்ரேம். ஆக, 1.85 மி.மீ. உங்களைப் புது வண்டி வரைக்கும் இழுத்துட்டுப் போயிருச்சு. இதுல உங்க மனசு மட்டும் காரணம் இல்லைங்க தம்பி. ஒண்ணைத் தனியா வாங்கவே முடியாதபடிதான் இந்தப் பாகங்களைச் செய்யறாங்க. அட, அந்த 11 ஸ்பீடாவது புதுசான்னா அதுவும் இல்ல. 105-ல பேட்டரி கியர் 12 ஸ்பீடு 2022-ல வந்துது, கேபிள் 12 ஸ்பீடு 2023-ல. நீங்க இதைப் பூட்டி முடிக்கறப்ப உங்க கோஷ்டியில எவனாவது 12-ல வந்து நிப்பான்.

அடுத்து எடை. நீங்க 81, வண்டி 10, தண்ணி கிண்ணி எல்லாம் சேத்து 92 கிலோன்னு வெச்சுக்குவோம். அந்த வீல் அரை கிலோ குறைக்குதுன்னா, மொத்தத்துல அது அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு மணி நேர ஏத்தத்துல மிச்சமாகறது சுமார் 20 செகண்ட். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. முதல் வளைவுல நின்னு போட்டோ எடுத்தீங்கன்னா முடிஞ்சு போச்சு. 750 மி.லி. பாட்டில் ஒண்ணை அடிவாரத்துலயே குடிச்சுக் காலி பண்ணீங்கன்னா வீலை விட அதிகமாக் குறையும், சல்லிக் காசு செலவில்லாம. ரேஸ் ஓட்டறவங்க வண்டியே 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு யுசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) விதி. நம்மளுக்கு என்னத்துக்கு அந்தக் கவலை?

மட்டமான ரோட்டுல எதிரி காத்துதான். 27-ல இருந்து 30-க்குப் போகோணும்னா, காத்தைத் தள்ளறதுக்கு மட்டும் 37 சதவீதம் கூட சக்தி வேணும். அந்தக் காத்துல பெரும்பகுதி மோதறது உங்க உடம்புல, வண்டியில இல்ல. முழங்கையை மடக்கிக் குனிஞ்சு ஓட்டிப் பழகுங்க. உசரமான ரிம் காத்தைக் கொஞ்சம் கிழிக்கும், இல்லைங்கல. ஆனா ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பக்கவாட்டுல அடிக்கறப்ப 50 மி.மீ. ரிம்மோட பொள்ளாச்சி ரோட்டுல போனவங்களைக் கேளுங்க. முன் சக்கரத்தைப் பிடிச்சு ஒதுக்கி விட்டுரும். ஈசிஆர்ல கடல் காத்தும் அதே வேலையைத்தான் செய்யும்.

அப்ப ஏலகிரிக்கு என்ன பண்றதுன்னா, 9 ஸ்பீடுலயே 11-34 கேசட் ஒண்ணு வாங்குங்க. இப்ப உங்க லேசான கியர்ல (முன்னாடி 34, பின்னாடி 28) ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுத்துக்கு, வண்டி சுமார் இரண்டரை மீட்டர் போகும். மணிக்கு 8 கி.மீ. வேகத்துல ஏறினா நிமிஷத்துக்கு 52 மிதி. முட்டி அங்கதான் போகுது. 34 பல் போட்டா அதே வேகத்துல 63 மிதி வரும். கால் சுத்தும், மூச்சு தாங்கும். பின் டெரெயிலர் நீளக் கூண்டான்னு (செயினை இழுத்துப் பிடிக்கற கீழ்ப் பகுதி) மட்டும் பாத்துக்கோங்க, குட்டைக் கூண்டு 34-ஐத் தாங்காது.

அதோட ஒரு செயின் கேஜ் (செயின் தேய்மானம் அளக்கறது). ஐநூறு ரூவாய்க்குள்ள வரும். உப்புக் காத்துல ஓட்டறீங்க, உங்களுக்கு ரேடாரை விட அது முக்கியம். (கோவிச்சுக்காதீங்க.) 9 ஸ்பீடுல 0.75 சதவீதம் தேய்மானம் காட்டினா செயினை மாத்திருங்க. தள்ளிப் போட்டீங்கன்னா செயின் கேசட்டைத் தின்னுரும்.

மீனா பெடல்ஸ் (சிங்கப்பூர்)

பெரியவர் கணக்கு ரொம்ப சரி. ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. எல்லாத்தையும் ஒரே மூட்டையா "வாங்குற பித்து"ன்னு கட்டாதீங்க. என் உயரம் 152 செ.மீ. கடையில வர்ற வண்டியில கிராங்க் 170 மி.மீ., ஹேண்டில்பார் அகலம் அதிகம், பிரேக் லீவர் விரலுக்கு எட்டாது. நான் 165 கிராங்க் வாங்கினது ஆசைக்கு இல்ல, இடுப்பு வலிக்கு. சீட்டு இன்னும் மோசம். உக்காந்து ரெண்டு மணி நேரம் ஓட்டாம எந்தச் சீட்டையும் நம்ப முடியாது. என் கட்டிலுக்கு அடியில சீட்டுகளா கிடக்கு, அதுக்காக நான் வெக்கப்படல. இங்க கேரோசல்ல (பழைய சாமான் வாங்கி விக்கிற ஆப்) வாங்குறேன், ஒத்து வரலைன்னா அதே விலைக்கு அங்கேயே தள்ளிவிட்டுடுறேன்.

அதே சமயம் இங்க நடக்கிற கூத்தையும் சொல்லணும். இந்தத் தீவோட உச்சி புக்கிட் தீமா, 163 மீட்டர். இந்த ஊர்ல இருந்துகிட்டு மலை ஏறுறதுக்குன்னே செஞ்ச இலகு வண்டியில, ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல பிள்ளைங்களுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் வழி விட்டு 20-ல போறவங்களை நான் தினமும் பாக்குறேன். நல்ல வண்டி. சந்தோஷமாத்தான் போறாங்க.

அதனால விடியல் அண்ணா, வேகக் கணக்கைச் சொல்லி உங்க கையைக் கட்ட முடியும்னு நான் நம்பல. யாரும் 20 செகண்டுக்காக வாங்குறதில்ல. நீங்க ஆர்டர் போட்ட தேதியையும் ஓட்டின தேதியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டும் போன்லயே இருக்கு. நான் பாத்தேன். எனக்கு வேலையில ஷிஃப்ட் மாறி ஓட்ட முடியாம போற வாரத்துலதான் பார்சல் வருது. ராத்திரி பதினோரு மணிக்கு படுத்துகிட்டு வீல் ரிவ்யூ பாக்குறது, ஓட்டாத குறைக்கு ஓட்டுற மாதிரி. நல்லா ஓட்டின வாரத்துல பிரேக் பேட் தேஞ்சது கூட ஞாபகம் வராது.

மச்சான்கிட்ட வீல் வேணாம்னு சொல்லுங்க. பெட்டி பெரிசு, செக்-இன்ல பாவம் அவர்தான் மாட்டுவார்.

நெடுந்தூரன் (திருச்சி)

மீனா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். நான் பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் ரைடு) ஓட்டுறவன். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி நேரம். அங்க முன்னாடி முடிச்சவனுக்கும் கடைசி நிமிஷம் வந்தவனுக்கும் ஒரே மெடல். உளுந்தூர்பேட்டை பக்கம் ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கிறப்ப எவனும் உங்க வீலைப் பாக்க மாட்டான். "உங்ககிட்ட எக்ஸ்ட்ரா டியூப் இருக்கா"ன்னுதான் கேப்பான். ஒரு 200-க்குப் பேர் குடுங்க. எது வேணும், எது வேணாம்னு விடியறதுக்குள்ள உடம்பே சொல்லிடும். எனக்குச் சொன்னது: நல்ல பிப் ஷார்ட்ஸ் (தோள் பட்டை வெச்ச சைக்கிள் ஷார்ட்ஸ்), டைனமோ லைட், கொஞ்சம் அகலமான டயர். மத்ததை வித்துட்டேன்.

கணக்குப்பிள்ளை (மதுரை)

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே படிக்கிறோம், ஆனா கேள்வியில ஒரு வரி எனக்கு உறுத்துது. "பார்சல் எல்லாம் ஆபீஸ் அட்ரஸுக்கு."

ஆசைக்கு வாங்குறது வேற, ஒளிச்சு வாங்குறது வேற. நான் ஒரு பேங்க்ல கடன் பிரிவுல வேலை பாக்கிறவன். கேமரா, ஹெட்போன், சைக்கிள், எதுவா இருந்தாலும் முதல்ல வீட்டுக்குத் தெரியாம ஒரு இஎம்ஐ, அதைக் கட்ட இன்னொரு கார்டு. வட்டி ஏற ஏற பொய்யும் ஏறும். உங்களுக்கு அந்த நிலைமைன்னு சொல்ல வரல. அடுத்த பார்சலை வீட்டு அட்ரஸுக்குப் போட்டுப் பாருங்க, அவ்வளவுதான் கேக்கிறேன். கை நடுங்கலைன்னா ஒண்ணும் இல்ல, சந்தோஷமா வாங்குங்க. கடன் இருந்து, வேணாம்னு நினைச்சும் நிறுத்த முடியலைன்னா, அதுக்குச் சிகிச்சை இருக்கு, கவுன்சலிங்ல பலருக்குச் சரியாகுது. அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

ஈசிஆர் விடியல் (சென்னை)

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல.

கணக்குப்பிள்ளை சார், கடன் இல்ல. இஎம்ஐ-யும் இல்ல. ஆனா அட்ரஸ் விஷயம் நீங்க சொன்னது சரிதான். அது எனக்கே தெரியும், வெளியில இருந்து ஒருத்தர் சொல்லிக் கேக்கிறப்ப சுருக்குன்னு இருக்கு. இன்னிக்கு ராத்திரி அவகிட்ட பேசிடுறேன். ரேடார் விலையை மட்டும் எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்.

மீனா, தேதி பாத்தேன். நவம்பர், டிசம்பர் மழையில ஓட்டவே இல்ல. பாதி சாமான் அந்த ரெண்டு மாசத்துல வந்ததுதான். மச்சான்கிட்ட வீல் வேணாம்னு சொல்லிட்டேன். அவன் அப்பாடான்னான்.

பெரியவரே, டெரெயிலர் நீளக் கூண்டுதான், கடையில காட்டி உறுதி பண்ணிட்டேன். 11-34 கேசட் வீட்டு அட்ரஸுக்கே ஆர்டர் போட்டாச்சு. இப்ப ஒரு சந்தேகம். 28-லேர்ந்து 34-க்குப் போனா பழைய செயின் நீளம் பத்துமா? பத்தலைன்னா புது செயினை எவ்வளவு வெட்டணும்? செயின் கட்டர் எந்த மாடல் நல்லது?

பேரூர் பெடல் (கோவை)

பழைய செயின் பத்தாதுங்க தம்பி, பெரும்பாலும் ஒரு அங்குலமாவது குறையும். புதுசு வாங்கிக்கோங்க, புது கேசட்டுக்குப் புது செயின்தான் நல்லது. டெரெயிலருக்குள்ள விடாம, முன்னாடி 50 பல், பின்னாடி 34 பல் ரெண்டையும் சுத்திச் செயினை இழுத்துப் பிடிங்க. ரெண்டு முனையும் சந்திக்கற இடத்துல இருந்து ஒரு அங்குலம் கூட விட்டு வெட்டுங்க.

கட்டர் வாங்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டறதுக்கு எதுக்குக் கட்டர்? நீங்க வழக்கமாப் போற கடையில குடுத்தீங்கன்னா டீ ஆறறதுக்குள்ள வெட்டிக் குடுத்துருவாங்க.