கோடைக்கால ஆய்வுப் பயிற்சியில் வைரஸ் அமைப்பு: இரண்டு மாதங்களில் எதைக் கற்க முடியும்?

கேள்வி (எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி)

வணக்கம். நான் திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு நல்கைக்குத் தேர்வாகி, வரும் மே மாதம் முதல் இரண்டு மாதங்கள் பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் பணிபுரியப் போகிறேன். தாவர வைரஸ் ஒன்றின் புரத உறையைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் (உறையவைத்த மாதிரியை எலக்ட்ரான்களால் படமெடுக்கும் கருவி) ஆராய்வது அந்தக் குழுவின் வேலை. ஒளியியலும் ஃபூரியர் மாற்றமும் நன்றாகப் படித்திருக்கிறேன். ஆனால் உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவிட்டேன். பெரிய நுண்ணோக்கியை இயக்க மாணவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்குமா, இந்தக் குறுகிய காலத்தில் ஒரு வைரஸின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிய முடியுமா, புறப்படும் முன் எவற்றைப் படித்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (அமைப்பு உயிரியல் ஆய்வாளர்)

வாழ்த்துகள். முதல் கேள்விக்கு நேரடியான விடை: 300 கிலோவோல்ட் திறனுள்ள டைட்டன் கிரியோஸ் போன்ற கருவிகளை அவற்றுக்கெனப் பயிற்சி பெற்ற பணியாளர்களே பெரும்பாலும் இயக்குவார்கள். அருகில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கிடைத்தால் அதுவே நல்ல கல்வி. ஆனால் உங்கள் இரண்டு மாதங்களின் மதிப்பு அந்த அறையில் இல்லை. அமைப்பு தெளிவாகக் கிடைக்குமா என்பது நுண்ணோக்கிக்குள் மாதிரி நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எனவே மாதிரியைப் பார்த்து மதிப்பிடும் கண்ணை வளர்த்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

இதற்கு நெகட்டிவ் ஸ்டெயினிங் முறையிலிருந்து தொடங்குங்கள். பிரென்னரும் ஹார்னும் 1959-இல் வைரஸ்களுக்காகவே செம்மைப்படுத்திய இந்த முறையில், மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கிரிட்டின் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) மேல் ஒரு துளி மாதிரியை இட்டு, யுரேனைல் அசிட்டேட் போன்ற கன உலோக உப்பைச் சேர்த்து உலர்த்துகிறார்கள். உப்பு துகளைச் சூழ்ந்து கருமையாகப் படிய, வைரஸ் வெளிறித் தெரியும். நுண்விவரங்கள் இதில் கிடைப்பதில்லை என்றாலும், துகள்கள் முழுமையாக உள்ளனவா, உடைந்துள்ளனவா, ஒன்றோடொன்று திரண்டு கிடக்கின்றனவா என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். உட்புறம் கருமையாகத் தெரியும் துகள்கள் பெரும்பாலும் மரபுப்பொருள் இல்லாத வெற்று உறைகள். உப்பு உள்ளே புகுந்திருப்பதால் அப்படித் தெரிகின்றன. இதைப் பலர் தொடக்கநிலை வேலை என்று அவசரமாகக் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

அடுத்தது உறையவைத்தல். வடிதாளால் ஒற்றி, மெல்லிய நீர்ப்படலம் மட்டும் எஞ்சிய கிரிட்டைத் திரவ ஈத்தேனில் விரைந்து அமிழ்த்துகிறார்கள். திரவ நைட்ரஜன் இன்னும் குளிரானதுதான். ஆனால் கிரிட் பட்டதும் அது கொதித்து வாயுப் படலத்தை உண்டாக்குவதால் வெப்பம் மெதுவாகவே வெளியேறும், நீரும் படிகமாகிவிடும். ஆகவே நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட ஈத்தேனில் அமிழ்த்தும்போதுதான் நீர், படிகமாகாமல் கண்ணாடி நிலையில் உறைகிறது. இந்த வழியைத் திறந்த ஜாக் துபோஷே குழுவினர் 1984-இல் வெளியிட்ட முக்கியமான கட்டுரையே வைரஸ்களைப் பற்றியதுதான். அவர், யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் ஆகிய மூவருக்கும் 2017-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உறைந்த படலம் தடித்தால் துகள் மங்கும்; மெலிந்தால் துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான அளவைப் பல கிரிட்டுகள் செய்து பார்த்தே கண்டுகொள்ள முடியும்.

உயிரியலைப் பொறுத்தவரை, தாவர வைரஸ்களில் நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அகத்திச் செடியைத் தாக்கும் மொசைக் வைரஸின் அமைப்பை 1990-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.என். மூர்த்தியின் குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் கண்டறிந்தார்கள். சுமார் 30 நானோமீட்டர் விட்டமுள்ள அந்த உறை, ஒரே புரதத்தின் 180 பிரதிகளால் ஆனது. இருபதுமுகிச் சமச்சீரில் (இருபது முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின் சமச்சீர்) 60 சமமான இடங்களே உள்ள நிலையில் 180 பிரதிகள் எப்படிப் பொருந்துகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, காஸ்பரும் குளூக்கும் 1962-இல் முன்வைத்த விளக்கத்தைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். உங்களுக்குத் தேவையான உயிரியலின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

மறுமொழி 2 (படிமக் கணிப்பில் பணிபுரிபவர்)

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். எனினும் இயற்பியல் மாணவிக்கு மாதிரித் தயாரிப்பையே முதன்மையாகப் பரிந்துரைப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. நீங்கள் மற்றவர்களைவிட முன்னே நிற்கும் இடம் ஃபூரியர் வெளி, அதாவது படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் கணிதம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்களால் ஆன வைரஸ் எலக்ட்ரான்களை உறிஞ்சுவதில்லை. எலக்ட்ரான் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மட்டும் சற்றே மாற்றுகிறது. அந்த மாற்றத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கவே வேண்டுமென்றே குவியம் விலக்கிப் படமெடுக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தின் ஃபூரியர் மாற்றத்தில் தோன்றும் வளையங்களைக் கொண்டு குவிய விலக்கத்தைக் கணக்கிட்டுத் திருத்துகிறார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் படித்த ஒருவர், தன் கண்முன் திரையில் காண்பது பெரிய நிறைவைத் தரும்.

எம்பியார் என்னும் பொதுக் காப்பகத்தில் பல வைரஸ்களின் மூலப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏராளமான துகள் படங்களை வரிசைப்படுத்திச் சராசரி எடுத்து முப்பரிமாண அமைப்பை உருவாக்கும் ரிலையான் மென்பொருளும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் பயிற்சிப் பாடத்தை ஊரிலேயே தொடங்கிவிடலாம். இருபதுமுகிச் சமச்சீரால் ஒவ்வொரு துகளும் 60 மடங்கு தகவல் தருவதால், சமச்சீரற்ற புரதங்களுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவான துகள்களே போதும். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: காப்பகத் தரவிலிருந்து நீங்களே ஓர் அமைப்பை உருவாக்குவது இரண்டு மாதங்களில் முடியக்கூடியதே. புதிய மாதிரியிலிருந்து புதிய அமைப்பு என்றால், எல்லாமே முன்கூட்டித் தயாராக இருந்தாலன்றி அதை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு இடங்களில் மிகுந்த கவனம் வேண்டும். வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள ஆயிரம் படங்களை ஐன்ஸ்டைனின் புகைப்படத்தோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்திச் சராசரி எடுத்தால், இரைச்சலிலிருந்து ஐன்ஸ்டைனின் முகமே வெளிப்படும் என்பதை ஹென்டர்சன் 2013-இல் எடுத்துக்காட்டினார். நாம் எதை எதிர்பார்த்துத் தேடுகிறோமோ அதையே கணினி திருப்பித் தரக்கூடும். சமச்சீரைத் திணிப்பதும் அப்படிப்பட்டதே. எம்எஸ்2 என்ற பாக்டீரிய வைரஸின் உறையில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் முதிர்வுப் புரதம், 60 மடங்கு சராசரியில் கரைந்து காணாமல் போகும். சமச்சீரை விதிக்காமல் கணித்தபோதுதான் அதன் உருவமும், உள்ளிருக்கும் ஆர்என்ஏவின் மடிப்புகளும் தெளிவாகத் தெரியவந்தன.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு ஐயம். பயிற்சி முடிவில் அறிக்கை தர வேண்டும். புதிய அமைப்பு எதுவும் கிடைக்காமல், சில கிரிட்டுகளின் படங்களும் காப்பகத் தரவில் செய்த கணிப்பும் மட்டுமே இருந்தால் அந்த அறிக்கை குறைவாக மதிக்கப்படுமா?

மறுமொழி 3 (கல்லூரி ஆசிரியர்)

மதிக்கப்படாது என்று அஞ்ச வேண்டாம். கோடைக்கால மாணவர்களின் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வழிகாட்டியின் பழைய படங்களால் நிரப்பப்பட்ட அறிக்கையைவிட, மாதிரியின் செறிவையோ ஒற்றும் நேரத்தையோ மாற்றியபோது படலம் எப்படி மாறியது என்று தானே எடுத்த படங்களோடு விளக்கும் அறிக்கை எவ்வளவோ மேலானது. சரியாக வராத கிரிட்டின் படத்தையும் சேருங்கள்; ஏன் வரவில்லை என்று நீங்கள் கருதுவதையும் எழுதுங்கள்.

முதல் வாரத்திலேயே வழிகாட்டியிடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள், அம்மா: தூய்மையாக்கிய வைரஸ் ஆய்வகத்தில் இப்போதே இருப்பில் உள்ளதா, கணிப்புப் பணிக்கு உங்களுக்குத் தனிக் கணினிக் கணக்கு கிடைக்குமா. முதலாவதற்கு இல்லை என்பது விடையானால், இலையிலிருந்து வைரஸைப் பிரித்தெடுப்பதிலேயே பெரும்பாலான நாட்கள் போய்விடும். அப்போது இரண்டாம் மறுமொழியில் சொன்ன கணிப்புப் பணியை உடனே இணையாகத் தொடங்கிவிடுங்கள். யுரேனைல் அசிட்டேட் நச்சுத்தன்மையும் சிறிதளவு கதிரியக்கமும் உடையது என்பதால், கையுறையின்றித் தொடாதீர்கள். அதன் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், அதற்கென ஒதுக்கிய கலனில் சேருங்கள். திரவ நைட்ரஜனைக் காற்றோட்டமுள்ள அறையில் மட்டுமே கையாளுங்கள். ஈத்தேன் எளிதில் தீப்பற்றும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இவற்றுக்கான பாதுகாப்புப் பயிற்சி முடியும்வரை யார் அவசரப்படுத்தினாலும் தனியாக வேலையில் இறங்க வேண்டாம்.