செட்டிநாட்டுப் பலகார நூல்: முதல் 300 பிரதிகளை விற்பது எப்படி?

தேவகோட்டை வளவு கேட்கிறார்:

செட்டிநாட்டுப் பலகாரங்களை மட்டும் வைத்து ஒரு நூல் எழுதி முடித்திருக்கிறேன். டெமி அளவு, 160 பக்கம், நடுவில் 8 பக்கம் வண்ணப்படம். மாவுருண்டை, மணகோலம், கந்தரப்பம், உக்கரை, ஆடிக்கும்மாயம் என்று 42 பக்குவங்கள். எல்லாவற்றுக்கும் படி, ஆழாக்குக் கணக்கோடு கிராம் கணக்கும் உண்டு. சொந்தப் பதிப்பு.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் கடையில் ஒரு வரிசையே நிற்கிறது. யூடியூபில் இன்னும் அதிகம். 1000 அடித்தால் பிரதிக்கு விலை குறையும் என்கிறார் அச்சகத்தார். காரைக்குடியில் வெளியீட்டு விழா வைக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது?

---

அச்சுக்கணக்கு:

ஆச்சி, 1000 வேண்டாம். 300 போதும். பிரதிக்குப் பதினைந்து இருபது ரூபாய் மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் விற்காத 600 பிரதிகள் பரணில் கிடந்து மழைக்காலத்தில் ஓரம் பழுப்பேறினால் அந்த மிச்சமும் போய்விடும், முதலும் முடங்கிவிடும்.

விலையை முதலில் போட்டுப் பாருங்கள். அச்சுச் செலவு பிரதிக்கு 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 220 ரூபாய் விலை வைத்து, கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் 77 போய் 143 கைக்கு வரும். அச்சுக்கூலி போக மீதி 68. கட்டுக்கூலி, பேருந்துச் சுமைக்கூலி, மதிப்புரைப் பிரதி, முனை மடங்கித் திரும்பி வருபவை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எளிய விலைக்குக் கொடுப்போம் என்று 150 வைத்தால் மீதி 22 ரூபாய் 50 காசுதான். இரண்டு பிரதி பழுதானாலே ஏறத்தாழ ஏழு பிரதியின் லாபம் கரைந்துவிடும். நம் பக்கத்து ராயவரத்தில் பிறந்த பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தன் மலிவுப் பதிப்புகள் போட்டார் என்றால், பெரும் எண்ணிக்கையில் அச்சிட்டு விற்கிற ஏற்பாடு அவருக்கு இருந்தது. 300 பிரதிக்கு அந்த வழி ஒத்துவராது.

கடைக்குக் கொடுப்பது பெரும்பாலும் "விற்றால் பணம்" கணக்குத்தான். எத்தனை பிரதி, என்ன தேதி, எத்தனை சதவீதம், எத்தனை நாளில் கணக்கு என்று இரண்டு நகலாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு கடைக்கு ஐந்து பிரதிக்கு மேல் வேண்டாம். விற்றதும் மறுபடி கொடுக்கலாம். 90 நாளில் கணக்குப் பார்க்காவிட்டால் பிறகு யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

அட்டையில் நடக்கிற தவறுகளும் உண்டு. முதுகில் பெயர் அச்சிடாமல் விடுவது முதலாவது. 70 ஜி.எஸ்.எம். (தாளின் எடை அளவு) தாளில் 160 பக்கம் என்றால் முதுகு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வரும், எழுத்து தாராளமாக அமரும். அலமாரியில் முதுகுதான் தெரியும். இரண்டாவது, பலகாரப் படத்தின் மேல் மெல்லிய எழுத்தில் தலைப்பு வைப்பது. அட்டையைப் போனில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு வாசிக்க முடியவில்லையென்றால் மாற்றுங்கள். ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண் இந்தியாவில் இலவசம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும்.

தலைப்பில் "செட்டிநாட்டுச் சமையல்" என்ற சொல்லே வேண்டாம். "பலகாரம்" என்பது முன்னால் நிற்கட்டும்.

---

கொட்டான்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் உங்கள் நூலுக்குப் புத்தகக் கடை இரண்டாம் இடம்தான். இதை வாங்குகிறவர் கடைக்கு வந்து தேடுகிறவர் அல்ல. மகளுக்குச் சீர்ப் பலகாரம் செய்ய வேண்டியிருக்கிறது, அளவு மறந்துவிட்டது, அம்மா இல்லை. அவர்தான் உங்கள் வாசகர். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நூல் இருக்க வேண்டும்.

முதலாவது கல்யாண வீடு. சாந்திக் கல்யாணத்துக்கும் (அறுபதாம் கல்யாணம்) திருமணத்துக்கும் நூல் அச்சிட்டுக் கொடுக்கிற வழக்கம் நகரத்தார் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. தாம்பூலப் பையில் வைக்க 100 பிரதி மொத்தமாக எடுக்கிறவர்களுக்குக் கடைக்குக் கொடுக்கிற அதே 35 சதவீதத்தைக் கொடுங்கள். பாதி முன்பணம், திரும்ப எடுப்பதில்லை. முதல் தாளில் மணமக்கள் பெயரும் பெரியவர்கள் பெயரும் அச்சிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். இதற்காக அச்சகத்தில் 300-இல் 100 பிரதியைப் பைண்டிங் செய்யாமல், மடித்த ஃபாரங்களாகவே (அச்சிட்டு மடித்த, கட்டாத தாள்தொகுதிகள்) வைக்கச் சொல்லுங்கள். ஆர்டர் வந்ததும் அந்த ஒரு தாளை மட்டும் அச்சிட்டு, முன்னால் சேர்த்துக் கட்டினால் போதும். ஃபாரங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். பைண்டிங்கிற்கும் பெயர் திருத்தம் பார்ப்பதற்கும் 25 நாள் ஒதுக்குங்கள். பெயரில் ஒரு எழுத்து பிழையானால் 100 பிரதியும் வீண், அதனால் கட்டுமுன் அந்தத் தாளை வீட்டாருக்கு அனுப்பி எழுத்துமூலம் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு மூன்று மாதம் முன்பே பேசினால்தான் நடக்கும். தாம்பூலப் பை முடிவான பிறகு போனால் நேரம் கடந்திருக்கும்.

இரண்டாவது, பலகாரம் செய்து விற்கிற கடைகள். காரைக்குடியிலிருந்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பெட்டி கட்டுகிற கடைகளில், பணம் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஐந்து பிரதி. பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தால் தங்கள் வியாபாரம் குறையும் என்று சிலர் தயங்குவார்கள். மணகோலம் வீட்டில் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று நூலில் நேர்மையாக எழுதியிருந்தால் அதையே காட்டலாம்.

மாளிகை விடுதிகளில் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அங்கே தங்குகிறவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பதிப்பை அங்கே வைக்க வேண்டாம்.

முன்வெளியீட்டுத் திட்டம் போடுங்கள். 45 நாள், 220 ரூபாய் நூல் 180-க்கு. 100 பேர் பணம் கட்டினால் 18,000. அச்சுச் செலவில் பெரும்பகுதி வந்துவிடும். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பலர் இது தெரியாமல் 250 பேருக்குச் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடுகிறார்கள். "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு பக்குவ அளவு அனுப்புகிறேன்" என்று முதலில் தனித்தனியாகச் சொல்லுங்கள். பிறகு நான்கு வாரம் அளவு, ஐந்தாம் வாரம் நூல் அறிவிப்பு. பங்காளிகள் குழுவில் தினமும் அட்டைப்படம் போடவே கூடாது. மூன்றாம் நாள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள்.

அனுப்புகிற துணுக்கு, வாசிப்பவர் அன்றைக்கே செய்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். "அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனால் பாகு முற்றவில்லை, கல் மாதிரி ஆனால் பாகு முற்றிவிட்டது" என்று இரண்டே வரி. இதைத்தான் அடுத்த ஆளுக்கு அனுப்புவார்கள்.

---

திரைவாசகன்:

மின்னூல் பற்றி யாரும் சொல்லவில்லை. கிண்டிலில் தமிழ் நூல் வெளியிடலாம். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு விலையில் 70 சதவீதம் உரிமைத்தொகையாக வேண்டுமென்றால் அமேசானின் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக்கூடாது. உங்கள் வலைப்பதிவில் பாதி நூலைப் போட்டிருந்தால் சிக்கல் வரும். மேலும் 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கேற்ப அனுப்புச் செலவு கழிப்பார்கள், 35 சதவீத உரிமைத்தொகையில் அது இல்லை. வண்ணப்படங்களைச் சுருக்காமல் ஏற்றினால் அங்கேயே காசு போகும்.

தேடுகிறவர்கள் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். "பலகாரம்", "செட்டிநாடு", "செட்டிநாட்டு" என்பவற்றை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் தேடுசொல் கட்டங்களில் கொடுங்கள். உறவுக்காரர்களை அமேசானில் மதிப்புரை எழுதச் சொல்ல வேண்டாம். அது விதிக்குப் புறம்பு, நீக்கிவிடுவார்கள்.

---

கோட்டையூர் வாசகர்:

விழா விஷயத்தில் வீட்டாரிடம் பொறுமையாகப் பேசுங்கள் ஆச்சி. மண்டபம், ஒலிபெருக்கி, சிற்றுண்டி, பொன்னாடை என்று ஆகிற செலவில் இன்னொரு 100 பிரதி அடித்துவிடலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் பிரதி அன்பளிப்பாக வாங்க வேண்டியவர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், சிறிய இடத்தில் நேரடிச் செய்முறையாக வையுங்கள். பணியாரம் ஊற்றுவதைப் பார்க்க வந்தவர் நூலை வாங்குவார். வெளியேறும் வாசலில் மேசை, பெரிதாக அச்சிட்ட க்யூஆர் அட்டை, 220-க்குச் சில்லறை.

கம்பன் விழாவில் கடை போடலாமா என்று ஒரு நினைப்பு வரும். பங்குனியில் காரைக்குடிக்கு வருகிற அந்தக் கூட்டம் இலக்கியம் தேடி வருவது. பலகார நூலுக்கு அது இடமில்லை.

அன்பளிப்புப் பிரதிக்கு 20 என்று உச்சவரம்பு வையுங்கள். வெளியான 30 நாளுக்குள் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அந்த நான்கு பிரதி இந்த 20-இல் சேராது.

---

தேவகோட்டை வளவு:

எல்லாருக்கும் நன்றி. 300, அதில் 100 ஃபாரமாக. தலைப்பை மாற்றிவிட்டேன். ஒன்று மட்டும்: அச்சுச் செலவுக்காகப் பின்பக்கங்களில் பலகாரக் கடை விளம்பரம் நான்கு வாங்கலாமா? அஞ்சலில் அனுப்ப என்ன ஆகும்?

---

அச்சுக்கணக்கு:

இரண்டும் ஒரே கேள்வி ஆச்சி. பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே 1 முதல் நூல்களுக்கென்று ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. உங்கள் நூல் தாள் கணக்குப்படி 200 கிராமை ஒட்டி வரும், உறையோடு 300-க்குள் நிற்கும். ஆனால் இது கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது. அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் நூலில் இருக்க வேண்டும், வணிக விளம்பரம் இருக்கக்கூடாது. நான்கு கடை விளம்பரம் போட்டால் இந்தக் கட்டணத்தை இழப்பீர்கள்.

விளம்பரத்துக்குப் பதிலாக அந்த நான்கு கடைகளிடமும் ஆளுக்குப் பத்துப் பிரதி முன்பணத்துக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 143 வீதம் 5,720 வரும். மாதிரிப் பிரதி ஒன்றை அஞ்சலகத்தில் காட்டி எடை போட்டுக் கேட்டுவிட்டு, அதன்பிறகு முன்வெளியீட்டு அறிவிப்பில் அஞ்சல் கட்டணத்தைப் போடுங்கள்.