வெர்மீர் ஓவிய ஸ்லைடிங் பசல்: கடைசி இரண்டு துண்டு மாறியே நிற்கிறது, ஏன்?

சிப்புட்_டீச்சர் (சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் ஆண்டு 5 பிள்ளைகளுக்கு, டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துக் கம்மல் அணிந்த பெண் ஓவியத்தை 4×4 ஸ்லைடிங் பசலாகக் கொடுக்கிறோம் (16 கட்டத்தில் ஒன்று காலி, மற்ற 15 துண்டையும் நகர்த்திப் படத்தைச் சேர்க்க வேண்டும்). சிலருக்கு முடிந்துவிடுகிறது. சிலருக்குக் கடைசி வரிசையில் இரண்டு துண்டு மட்டும் இடம் மாறி நிற்கிறது. மற்ற 13 துண்டும் சரியாகத்தான் தெரிகிறது. பசலில் கோளாறா? நாங்களே ஒன்று செய்துகொள்வதென்றால் எந்தப் படம், எப்படி?

ஒற்றை_இரட்டை:
டீச்சர், முதலில் கறுப்புத் துண்டுகளைப் பாருங்கள். அந்த ஓவியத்தின் பின்னணி முழுக்க இருட்டு. 16 கட்டமாக வெட்டினால் மேல் மூலைகளிலும் ஓரத்திலும் வெறும் கறுப்பாக இரண்டு மூன்று துண்டு விழும். பிள்ளை ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

இந்த விளையாட்டில் இரண்டு துண்டை மட்டும் தனியாக இடம் மாற்றவே முடியாது. 1879லேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் கணக்குப் போட்டு நிறுவிவிட்டார்கள். எப்படி அடுக்கினாலும் மொத்த அடுக்குகளில் சரிபாதிதான் தீர்வுக்கு வரும். அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்ட், எண் போட்ட பசலில் 14, 15ஐ மட்டும் மாற்றிவைத்து 1000 டாலர் பரிசு அறிவித்தார். வாங்குவதற்கு ஆளே இல்லை என்று தெரிந்துதான் அறிவித்தார். ஆக, மேலே இரண்டு கறுப்பு மாறினால், அதற்கு ஈடாகக் கீழே இன்னொரு ஜோடி மாறித்தான் நிற்கும்.

கீழே எவ்வளவு மல்லுக்கட்டினாலும் பயனில்லை. மேலே பிரித்து, கறுப்புத் துண்டுகளை மாற்றிவைத்து, மறுபடி இறங்க வேண்டும். எது எது என்று தெரியவில்லையா? திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றுங்கள். நல்ல ஸ்கேன் என்றால் பழைய வண்ணத்தின் வெடிப்புக் கோடுகள் மெல்லிசாகத் தெரியும், ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு ஓடும். இல்லாவிட்டால் எண் காட்டும் பொத்தானைத் தட்டுவதுதான் வழி.

கறுப்பு எதுவும் மாறாமலேயே இப்படி நின்றால், அது கலைக்கும் நிரலின் தப்பு.

ஈப்போ_நிரல்:
அந்தத் தப்பு நிறைய இடத்தில் இருக்கிறது. எண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்தால் பாதி தடவை தீராத பசல்தான் வரும். முடிந்த படத்திலிருந்து தொடங்கி, காலிக் கட்டத்தைச் சும்மா 300 தடவை நகர்த்திக் கலையுங்கள். உடனே வந்த வழியே திரும்பாமல் மட்டும் தடுத்துவிடுங்கள். தீர்வு நிச்சயம் உண்டு.

படத்தை 1200×1200 பிக்சலுக்கு வெட்டுங்கள். 3, 4, 5 மூன்றாலும் மீதியின்றி வகுபடும், துண்டுக்கிடையே மயிரிழைக் கோடு விழாது. ஜேபெக் தரம் 80 போதும், தோட்டத்து இணைய லைனிலும் இறங்கிவிடும். சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) 4×4க்கு பேக்கிரவுண்ட்-சைஸ் 400%, பொசிஷன் 0, 33.33, 66.67, 100. பலரும் 25, 50, 75 என்று போட்டுவிட்டு மூக்கு ஏன் இரண்டு தடவை வருகிறது என்று கேட்பார்கள். அந்தச் சதவீதம் முழுப் படத்துக்கு அல்ல, படத்தில் துண்டு போக மிஞ்சும் அகலத்துக்கு. கைப்பேசிக்கு டச்-ஆக்‌ஷன் நன் என்று சேருங்கள், இல்லாவிட்டால் விரல் இழுக்கும்போது பக்கமே நகரும்.

கறுப்புத் தொல்லைக்கு: ஒரே மாதிரித் துண்டுகளுக்கு நிரலில் ஒரே எண் கொடுத்துவிடலாம். எது எங்கே உட்கார்ந்தாலும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். ஓவியர்கள் எப்போதோ காலமானவர்கள், காப்புரிமைக் கவலை இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் பெரிய அளவுப் படங்களை இலவசமாகவே தருகிறது.

மூலைக்கல்:
படத் தேர்வுதான் பாதி வேலை. மோனா லிசா 77×53 செ.மீ. சதுரமாக வெட்டினால் கையோ நெற்றியோ போகும். 3 பத்தி, 4 வரிசை போடுங்கள், ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்டச் சதுரமாகவே வரும். பின்னணியில் பாதையும் பாலமும் இருப்பதால் எந்தத் துண்டும் குழப்பாது. ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் அடேல் ப்ளாக்-பாவர் (1907) சதுர ஓவியம், வெட்டவே வேண்டாம். ஆனால் தங்கச் சித்திரம் பெரியவர்களையே அழவைக்கும். ரவி வர்மாவின் சேலை கட்டிய பெண்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சேலை மடிப்பே வழிகாட்டும்.

விளையாடும்போது முகத்தை முதலில் கட்ட விடாதீர்கள். முகம் நடுவில் இருக்கிறது, மேல் வரிசைக்குப் போகும்போது உடைந்துவிடும். துண்டுகளுக்கு மேல் இடது மூலையிலிருந்து வரிசை வரிசையாக 1 முதல் 15 வரை எண் என்று வையுங்கள். மேல் வரிசையில் 1, 2 வைத்தபின், 3ஐ வலது மூலையில், 4ஐ அதன் அடியில், காலிக் கட்டத்தை 3இன் இடத்தில் கொண்டுவாருங்கள். 3ஐ இடப்பக்கம் தள்ளி, 4ஐ மேலே ஏற்றினால் முடிந்தது. இரண்டாம் வரிசையும் அப்படியே. கீழிரண்டு வரிசையை மட்டும் பத்தி பத்தியாக: 9ஐக் கீழ் மூலையில், 13ஐ அதன் வலப்பக்கம், காலியை 9இன் இடத்தில். 9 மேலே, 13 இடப்பக்கம். அடுத்து 10, 14. மிஞ்சிய மூன்றும் சுற்றினால் உட்காரும். உட்காராவிட்டால் கறுப்பைத் தேடுங்கள்.

சிப்புட்_டீச்சர்:
மிக்க நன்றி. மேல் இரண்டு மூலையும்தான் மாறியிருந்தது. ஆண்டு 2க்கு 3×3 சரிவருமா?

மூலைக்கல்:
வரும் டீச்சர். 3×3இல் எந்த அடுக்கும் 31 நகர்வுக்குள் தீரும், 4×4இல் 80 வரை போகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு 300 தடவை கலைக்காதீர்கள், 10, 15 நகர்வு போதும். முழுப் படத்தையும் சின்னதாகப் பக்கத்தில் காட்டிவையுங்கள்.